பூச்சி டீச்சர் பதில்கள்: வண்டுக்குச் சட்டை தைத்தது யார்?

போன இதழில், இடம் மிச்சமிருக்கிறதே என்று கடைசியில் ஒரு வரி எழுதினேன்: “அரிசி வண்டு தனி ஆள் இல்லை, அதன் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது.” அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் பரப்பினால் முறம் வைக்க இடமில்லை. “என் பெயரைப் போடாதீர்கள், வீட்டில் வண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிடும்” என்று நாலு பேர் கெஞ்சியிருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து என் மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. 25 கிலோ சிப்பம், வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் வண்டு. பிரிக்காத சிப்பத்தில் எப்படி வந்தது? பாக்டீரியா உள்ள வண்டு ஊர்ந்த அரிசியைச் சாப்பிட்டால் நோய் வருமா? தூக்கிப் போடவா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

போட வேண்டாம் அம்மா. அந்த பாக்டீரியா வண்டின் உயிரணுவுக்குள்ளேயே வாழ்ந்து பழகிப்போனது. உலைநீர் கொதித்தால் வண்டும் சரி, அதுவும் சரி, எதுவும் மிஞ்சாது. முறத்தில் போட்டுப் புடைத்து, நாலு தண்ணீர் களைந்து சமையுங்கள். மிதப்பதெல்லாம் உள்ளே குடைந்த மணி, அதைக் கொட்டிவிடுங்கள். மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அவர் வயிற்றில் இருக்கிற பாக்டீரியாவை எண்ணினால் இந்தச் சிப்பத்து வண்டெல்லாம் வெட்கப்படும்.

பிரிக்காத சிப்பத்துக்குள் வண்டு வந்ததற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. பெண் வண்டு தன் மூக்கால் அரிசியில் ஒரு குழி தோண்டி, ஒரே ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் முழு அரிசி. உள்ளே முட்டை பொரித்து, புழு தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வர, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். ஆலையிலோ கிடங்கிலோ வைத்த முட்டை உங்கள் வீட்டில் கண் திறந்திருக்கிறது. “அரிசியிலிருந்து தானா உண்டாவுது” என்று என் அம்மா சாகும்வரை சொன்னார். நான் விலங்கியல் படித்தும் அவரை மாற்ற முடியவில்லை.

மாவு என்றால் கதை வேறு. கோதுமை மாவில் சிவப்பு மாவு வண்டு பெருகி, ஒரு மாதிரி காரமான வாடை வந்துவிட்டால் சல்லடையெல்லாம் வேண்டாம், கொட்டிவிடுங்கள். அந்த வண்டு குயினோன் என்ற வேதிப்பொருளைக் கக்குகிறது. அந்த வாடை அதுதான்.

வண்டுக்குள் பாக்டீரியா இருக்கட்டும், அதனால் வண்டுக்கு என்ன லாபம்? பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? “கூட்டுயிர் வாழ்க்கை” என்று எங்கள் புத்தகத்தில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்த லைக்கனை மட்டும்தான் சொல்கிறார்கள்.
– பிளஸ் டூ மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

தம்பி, உன் கேள்விக்காகத்தான் இந்த மாதம் மற்ற பத்துக் கடிதங்களை ஓரங்கட்டினேன்.

என் அப்பா கடலூர் முதுநகரில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதினார். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். குத்தூசியைச் சாக்கில் செருகி, உருவி, உள்ளங்கையில் கொட்டிய அரிசியை அவர் விரலால் கலைப்பார். செம்பழுப்பாக வண்டு இருந்தால் “புதுசு, இப்பதான் வெளிய வந்திருக்கு” என்பார். கருப்பாக இருந்தால் “இது பழைய ஆள், பரம்பரையே வச்சிருக்கும்” என்பார். அந்தச் செம்பழுப்பு எப்படிக் கருப்பாகிறது என்பதுதான் உன் கேள்விக்கும் விடை. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

வண்டின் மேலோடு அதற்குச் சட்டை, எலும்பு, மழைக்கோட்டு மூன்றும். அதைக் கெட்டியாக்கிக் கருப்பாக்க டைரோசின் என்ற அமினோ அமிலம் நிறைய வேண்டும். டைரோசினைச் செய்ய ஃபீனைல்அலனின் வேண்டும். அரிசியில் மாவுச்சத்து கொட்டிக் கிடக்கிறது, இந்த இரண்டும் வண்டின் தேவைக்குக் காணாது. விலங்குகள் எதுவுமே, நீயும் நானும் உட்பட, ஃபீனைல்அலனினைத் தாமாகச் செய்ய முடியாது. செடிகளும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்தான் செய்யும். ஆகவே அரிசி வண்டு உடம்புக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்துக்கொண்டது. புழுவின் முன்குடலும் நடுக்குடலும் சேரும் இடத்தில் வெளுப்பாக ஒரு சின்னத் திரள் இருக்கும். அதன் உயிரணுக்களுக்குள் பாக்டீரியா அடைந்து கிடக்கும். உம்பெர்த்தோ பியரன்டோனி என்ற இத்தாலிய விலங்கியலாளர் 1927-இல் இந்த உறுப்பை விவரித்தார். அந்த பாக்டீரியாவுக்கு இப்போது வழங்கும் பெயர் சோடாலிஸ் பியரன்டோனியஸ், அவர் நினைவாக வைத்தது. டைரோசினுக்கான சரக்கோடு பி வகை வைட்டமின்கள் சிலவற்றையும் அது வண்டுக்குக் கொடுக்கிறது.

பதிலுக்குச் சோறும் நிழலும். ஆனால் குடியிருப்பவரை வீட்டுக்காரர் அறையை விட்டு வெளியே விடுவதில்லை. கோலியாப்டெரிசின் என்ற ஒரு சிறு புரதத்தை வண்டு அந்த உயிரணுக்களுக்குள் சுரக்கிறது. அது பாக்டீரியாவைக் கொல்லாது, இரண்டாகப் பிரியவிடாமல் தடுக்கும். பிரிய முடியாத பாக்டீரியா நீளமாக நூல்போல் வளர்ந்து கிடக்கும். அந்தப் புரதம் உண்டாகாமல் தடுத்துப் பார்த்தபோது பாக்டீரியா அறையை உடைத்துக்கொண்டு உடம்பெங்கும் பரவியது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். இதைப் புத்தகத்தில் ‘நட்பு’ என்று எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பேன்.

இனிமேல்தான் சங்கதி. வண்டு அரிசியைத் துளைத்து வெளியே வந்த முதல் சில நாளில் குடலோரத்து பாக்டீரியா மளமளவென்று பெருகும். அந்த நாள்களில்தான் மேலோடு கெட்டிப்படுகிறது, செம்பழுப்பு கருப்பாகிறது. சட்டை தைத்து முடிந்ததும் வண்டு என்ன செய்கிறது தெரியுமா? தையற்காரனைத் தின்றுவிடுகிறது. பாக்டீரியா இருந்த உயிரணுக்கள் தாமாகவே அழிந்து, உள்ளிருந்ததெல்லாம் செரிமானமாகி, சத்து வண்டுக்கே வரவாகிவிடுகிறது. சில நாள்களில் குடலோரத்தில் பாக்டீரியாவே இல்லை. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. பெண் வண்டின் சூலகத்தில் இருப்பவை மட்டும் தப்பிக்கின்றன. அவை முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. வயதான ஆண் வண்டிடம் இந்த பாக்டீரியா கிடையாது, சட்டை மட்டும் மிச்சம்.

இந்த உறவுக்கு வயதும் அதிகமில்லை. முப்பதாயிரம் ஆண்டுக்குள்தான் என்று மரபுத்தொகுதியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் அந்த அறையில் வேறொரு பாக்டீரியா பத்துக் கோடி ஆண்டுகளாகக் குடியிருந்தது. அதன் பெயர் நார்டொனெல்லா. அதை வெளியேற்றிவிட்டுத்தான் இந்தக் குடித்தனம்.

பாக்டீரியா இல்லாமல் வண்டு பிழைக்குமா என்றும் கேட்பாய். பிழைக்கும். வண்டுகளை 35 டிகிரி வெப்பத்திலும் 90 சதவீத ஈரப்பதத்திலும் ஒரு மாதம் வைத்திருந்தால் பாக்டீரியா இல்லாத சந்ததி கிடைக்கும் என்று பிரான்சின் லியோன் நகரில் போல் நார்தோன் 1970-களில் காட்டினார். நார்டொனெல்லா என்ற பெயரும் இவரை வைத்து வந்ததுதான். அப்படிப் பிறந்த வண்டு மெதுவாக வளரும், மேலோடு வெளுத்து மெலிந்திருக்கும், பறக்கத் திராணி இருக்காது.

அந்த வெளிறிய வண்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. 2011-இல், புதுச்சேரியில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பழைய இன்குபேட்டரில் ஆறு பாட்டில் வண்டு வைத்தேன். வாய்க்கு மல் துணி, உள்ளே ஈரப்பதத்துக்கு உப்புக் கரைசல் கிண்ணம். இருபத்திரண்டாம் நாள், டிசம்பர் 30, தானே புயல் கரையேறியது. இங்கே வேரோடு சாய்ந்த பலாவையும் முந்திரியையும் பார்த்தவர்களுக்கு அந்த நாளைச் சொல்லித் தெரிய வேண்டாம். கரண்ட் வந்து, பஸ் ஓடி, நான் ஆய்வகத்துக்குப் போனபோது பொங்கல் முடிந்திருந்தது. இன்குபேட்டர் சில்லென்று கிடந்தது. ஆறு பாட்டிலிலும் வண்டுகள், ஒவ்வொன்றும் கன்னங்கரேலென்று. அதன்பின் ஓய்வு பெற்றுவிட்டேன்.

வீட்டில் வைத்துச் செய்திருக்கலாமே என்பாய். அதற்கும் முன்பே ஒருமுறை மாடத்தில் இரண்டு பாட்டில் வளர்த்து, “ஊரே வண்டை வெரட்டுது, இவ பால் ஊத்தி வளக்கிறா” என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

35 டிகிரியில் பாக்டீரியா போய்விடும் என்றால் நம் அக்னி நட்சத்திரத்துக்கே போய்விட வேண்டுமே? என் கிடங்கில் சித்திரை முழுக்க அதைவிடச் சூடு. வண்டு குறையவில்லை.
– விவசாயி, குறிஞ்சிப்பாடி

(போன இதழ் வெளிவந்ததும் இவர் தொலைபேசியில் பிடித்து நார்தோன் கதையை என்னிடம் முழுக்கக் கேட்டுக்கொண்டு, பிறகு இந்தக் கடிதத்தை எழுதினார். ஆகவே கேள்வி கொஞ்சம் முந்திக்கொண்டது.)

ஐயா, ஆய்வகத்தில் இரவும் பகலும் ஒரே 35, ஒரு மாதம் இறங்காமல். நம் ஊரில் சாயங்காலம் கடற்காற்று வந்துவிடுகிறது, இரவில் சூடு தணிகிறது. அதுவும் மூட்டையின் வெளிப்புறச் சூட்டுக்கும் நடுவயிற்றுச் சூட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. வண்டு கூட்டமாகச் சேர்ந்தால் அதன் மூச்சுச் சூட்டிலேயே மூட்டையின் நடுப்பகுதி வெளியைவிடச் சுடும். அப்பா சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்து “மூட்டை சுடுது, பிரி” என்பார். அளவுக்கு மீறிச் சுட்டால் வண்டே விளிம்புக்கு நகர்ந்துவிடும்.

பாக்டீரியாவைக் குறிவைத்து நீங்கள் சிரமப்பட வேண்டாம். அது தைத்த சட்டையைக் குறிவையுங்கள், அதைத்தான் நம் பாட்டிகள் செய்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், விதைப் பயறில் சாம்பல் புரட்டுவதும் எதற்கு? நுண்ணிய மண்ணும் சாம்பலும் பூச்சியின் மேலோட்டில் இருக்கும் மெழுகைச் சுரண்டிவிடும். மெழுகு போனால் உடம்புத் தண்ணீர் ஆவியாகி, பூச்சி காய்ந்து சாகும். பாக்டீரியா இல்லாமல் வளர்த்த ரம்பப்பல் வண்டும் (இதுவும் ஒரு தானிய வண்டு) இதே மாதிரிதான், மேலோடு மெலிந்து, காய்ந்த காற்றில் சீக்கிரம் செத்தது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். செம்மண் கட்டிய கிழவிக்கு டைரோசின் தெரியாது. ஆனால் எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நெல்லையும் பயறையும் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்து, ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்க்கும். அரிசியை மட்டும் உச்சிவெயிலில் போடாதீர்கள், மணி விரிசல் விட்டு நொய்யாகிவிடும். தானியத்தின் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த வண்டுக்குப் பிள்ளை பெறுவதே பாடு.

மூட்டைக்கு வைக்கிற மாத்திரையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆட்கள் படுத்துத் தூங்கும் வீட்டில் அது ஒருநாளும் கூடாது. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும், அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் மூடிய கிடங்கில் செய்ய வேண்டிய வேலை அது.

களைக்கொல்லி அடித்தால் வண்டின் பாக்டீரியா செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
– பண்ருட்டி வாசகர்

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2021-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ரம்பப்பல் தானிய வண்டில் செய்த சோதனை அது. அந்த வண்டின் பாக்டீரியா வேறு இனம், ஆனால் தொழில் அதே தையல். டைரோசினுக்கான சரக்கை அது ஷிகிமேட் பாதை என்ற வழியில் செய்கிறது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி செடியைக் கொல்வதும் அதே பாதையை அடைத்துத்தான். ஆகவே கிளைஃபோசேட் பட்ட வண்டில் பாக்டீரியா குறைந்து, மேலோடு மெலிந்தது. அவர்கள் கவலைப்பட்டது, இப்படியே நன்மை செய்யும் பூச்சிகளும் அடிபடுமே என்று. அதை வீடியோக்காரர் வண்டு மருந்தாக்கிவிட்டார். உண்ணும் தானியத்தில் களைக்கொல்லி அடிக்கிறவருக்கு வண்டு எவ்வளவோ தேவலாம்.

(ஷிகிமி என்பது ஒரு ஜப்பானிய மரத்தின் பெயர். நாம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவுக்குச் சொந்தம், ஆனால் நஞ்சு. அந்தப் பாதைக்குப் பெயர் கொடுத்த ஷிகிமிக் அமிலத்தை முதலில் அதிலிருந்துதான் எடுத்தார்கள்.)

மல்லித்தூள் டப்பாவிலும் மஞ்சளிலும் குட்டிக் குட்டியாகப் பழுப்பு வண்டு. காரமும் வாடையும் உள்ள பொருளில் அது எப்படி வாழ்கிறது? அதற்கும் பாக்டீரியாவா?
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அதற்குள் இருப்பது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை. மசாலா வண்டும் அதன் பங்காளி சிகரெட் வண்டும் குடலோரப் பைகளில் அதை வைத்திருக்கின்றன. வைட்டமினும் தருகிறது, உணவிலுள்ள சில நச்சுகளையும் முறிக்கிறது. புகையிலையையே தின்று வாழ்கிறதே, சும்மாவா? தாய் முட்டையிடும்போது ஓட்டின் மேல் அந்தப் பூஞ்சையைப் பூசிவிடும். குஞ்சுப் புழு ஓட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போதே சீதனம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. உங்களுக்கு: டப்பாவை நாலு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். இனிமேல் கால் கிலோவாக வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் கொசு ஆராய்ச்சி நிலையம். அங்கே கொசுவுக்கு வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றுகிறார்களாமே, அதுவும் அரிசி வண்டில் இருப்பதும் ஒன்றா?
– கோரிமேடு, புதுச்சேரி

வேறு வேறு. உங்கள் பக்கத்து நிலையம் 1975-இல் தொடங்கிய ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசு வகைகள் இரண்டை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தார்கள். அந்தக் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது என்பதுதான் கணக்கு. அரிசி வண்டின் பாக்டீரியா வேலை செய்து கூலி வாங்குகிறது. வோல்பாக்கியா பெரும்பாலும் தன் பரம்பரையை மட்டும் பார்க்கும். அது உள்ள ஆணோடு அது இல்லாத பெண் சேர்ந்தால் முட்டை பொரியாது. மாவு வண்டில் ஒரு வகைக்கும் பயறு வண்டில் ஒரு வகைக்கும் இந்தத் தொல்லை உண்டு. அந்தப் பயறு வண்டில் வோல்பாக்கியாவின் மரபணுத் துண்டு ஒன்று வண்டின் எக்ஸ் குரோமோசோமுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பதை ஜப்பானியர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். வாடகைக்கு வந்தவர் பட்டாவில் பெயர் சேர்த்துக்கொண்ட மாதிரி.

தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டுக்கும் இது உண்டா?
– பாகூர்

உண்டு. அதற்குள் இருப்பது மேலே சொன்ன பழைய குடியிருப்பாளர் நார்டொனெல்லா. அதன் மரபுத்தொகுதி தேய்ந்து தேய்ந்து, டைரோசின் செய்வதைத் தவிர வேறு வேலையே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. மரத்தில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டுக்காயத்தின் வாடைக்குத்தான் அந்த வண்டு வரும்.

டீச்சர், நான் சன்மார்க்க வழியில் இருப்பவன். அரிசி வண்டைக் கொல்வது ஓர் உயிரைக் கொல்வது என்றுதான் இதுவரை நினைத்தேன். உள்ளே லட்சம் உயிர் இருக்கிறது என்கிறீர்கள். நான் என்ன செய்ய?
– வடலூர்

1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாத ஊரிலிருந்து கேட்கிறீர்கள் ஐயா, பாவ புண்ணியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். கிழ ஆண் வண்டு என்றால் நீங்கள் முதலில் நினைத்த கணக்கே ஏறக்குறைய சரி, உள்ளே தையற்காரர் இல்லை. இளசாகச் செம்பழுப்பாக இருந்தால்தான் லட்சம். அந்த லட்சத்தையும் அடுத்த வாரம் வண்டே தின்றுவிடும்.

நான் செய்வது இது: அரிசியை நிழலில் துணி விரித்துப் பரப்பிக் கையால் கலைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கடிதம் படிப்பேன். கலைத்தால் வண்டுகள் தாமாக நகர்ந்து துணியின் விளிம்புக்கு வந்துவிடும். அவற்றை முறத்தில் வாரித் தெருவில் விடுவேன். தெருவில் எதிர்வீட்டுக் கோழிகள் நிற்கும். அந்தக் கோழிகள் செய்வதற்கு என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்.